பூட்டிய வீடுகளின் வரி

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலே முக்காலுக்குத் துரைக்கண்ணுவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் இறந்து அன்றோடு மூன்று வருடம்.

கைபேசி, வடகால்மங்கலம் ஊராட்சி அலுவலக மேசையில் சார்ஜரோடு கிடந்தது. பிரகதீஸ்வரி எடுத்துப் பார்த்தாள். அவள் துரைக்கண்ணுவின் மனைவி. அவர் பார்த்த ஊராட்சிச் செயலர் வேலை கருணை அடிப்படையில் அவளுக்கு வந்திருந்தது. அதே மேசை, அதே நாற்காலி.

'திரு. துரைக்கண்ணு அவர்களுக்கு. வாய்க்கால் தெரு, கதவு எண் 44. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ரூ. 512 பெறப்பட்டது. நன்றி.'

அவள் கட்டவில்லை.

மறுபடி அதிர்ந்தது. கதவு எண் 43, சிவக்கொழுந்து. சிவக்கொழுந்து போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அடுத்தது 42, செல்லாயி. கொரோனாவில் போனவள். பிறகு 41. பிறகு 40. தெருவின் கடைசியிலிருந்து ஒவ்வொரு வீடாக யாரோ நடந்து வருவது போல வந்துகொண்டிருந்தன.

"குணா" என்று கூப்பிட்டாள்.

மோட்டார் ஆபரேட்டர் குணசேகரன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். பம்பைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தான்.

"யாராவது வந்து வரி கட்டுனாங்களா?"

"என்னைக் கேக்குறீங்க? கட்டுற இடமே நீங்கதானேக்கா."

"வாய்க்கால் தெரு வீடெல்லாம் கட்டியாச்சுன்னு வருது."

அவன் எட்டிப் பார்த்தான். திரையில் இருந்த பெயரைப் படித்ததும் ஓரடி பின்னால் போனான்.

"அண்ணன் நம்பருக்கா வருது?"

"ஆமா."

"இன்னைக்குத் திதியாக்கா?"

"திதி போன வாரமே முடிஞ்சிடுச்சு. தேதிதான் இன்னைக்கு."

"அண்ணன் எதுக்கும் தேதி தப்ப மாட்டாரு" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வாய்க்கால் தெருவில் நாற்பத்து நாலு வீடுகள். நாற்பத்து மூன்று பூட்டியவை. சிலர் செத்தார்கள், சிலர் திருப்பூர் போனார்கள், சிலர் துபாய். போனவர்கள் பொங்கலுக்கு வந்தார்கள், பிறகு கல்யாணங்களுக்கு மட்டும் வந்தார்கள், பிறகு வரவில்லை. சாவி எந்த ஊரில் எந்த ஆணியில் தொங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் வரிப் பதிவேட்டில் அந்தத் தெரு நிறைந்திருந்தது. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஒன்றியத்தில் கூட்டம் போடுவார்கள். வசூல் நூறு சதவீதம் வராத ஊராட்சியின் செயலரை எழுப்பி நிற்க வைப்பார்கள். துரைக்கண்ணு ஒரே ஒருமுறை நின்றார். மறுவருடம் மூன்று பூட்டிய வீடுகளின் வரியைத் தன் கையிலிருந்து கட்டினார். மூணு வீடுதானே என்றார். பிறகு அது ஒன்பதானது. பிறகு இருபது. அவர் இறந்த வருடம் நாற்பத்திரண்டு.

நாற்பத்து மூன்றாவது, அவருடைய சொந்த வீடு. அவர் போன பிறகு பிரகதீஸ்வரி மகள் குந்தவையைக் கூட்டிக்கொண்டு நடுத்தெருவில் வாடகைக்கு வந்துவிட்டாள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் அடுப்புச் சத்தம் கேட்காது. அதுதான் காரணம். வீட்டு வரி இன்னும் துரைக்கண்ணு பெயரில்தான் இருந்தது. பெயர் மாற்ற மனு வேண்டும், மனுவில் செயலர் ஒப்பம் வேண்டும். மனுதாரரும் அவள், செயலரும் அவள். ஏனோ அந்த மனு எழுதப்படவே இல்லை.

வரி கணினிக்கு மாறியபோது ஒவ்வொரு வீட்டுக்கும் கைபேசி எண் கேட்டது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. பூட்டிய வீடுகளுக்கெல்லாம் அவள் துரைக்கண்ணுவின் எண்ணைக் கொடுத்தாள். தன் எண்ணைக் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். அவர் எண்ணைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அதற்காகவே அந்தக் கைபேசிக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்தாள். இரண்டு மார்ச், தன் சம்பளத்தில் இருபத்தோராயிரத்துச் சொச்சத்தை எடுத்து நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் கட்டினாள்.

இந்த வருடம் முடியவில்லை. குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும் சேர்ந்து மின்கட்டண பாக்கி மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஊராட்சிக்கு அரசு தரும் மானியம் 2011-இல் எண்ணிய தலைகளுக்கு வருவது. அதில் மின்கட்டணத்துக்கென்று ஒதுக்கிய இரண்டாம் கணக்கு போன நவம்பரிலேயே வற்றிவிட்டது. ஜனவரியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லை. ஒன்றியத்தின் தனி அலுவலர் கையில் ஊராட்சி போனது. தலைவர் நாற்காலியில் இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டை உட்கார்ந்திருந்தது. ஏப்ரல் பதினைந்துக்குள் பாதியாவது கட்டாவிட்டால் மோட்டார் இணைப்பைத் துண்டிப்பதாக அறிவிப்பு வந்தது. ஆற்றில் ஜூன் வரை தண்ணீர் கிடையாது. அந்த ஒரு ஆழ்துளைக் கிணற்றை நம்பி நூற்று அறுபத்தெட்டு அடுப்புகள்.

பற்றாக்குறை ஊராட்சிகளுக்கென்று ஒரு பொது நிதி இருந்தது. சொந்த வரி வராத ஊர்களுக்கு அதிலிருந்து மின்கட்டணம் கொடுப்பார்கள். எனவே பத்து நாளுக்கு முன் அவள் ஒரு பட்டியல் தயாரித்தாள். வாய்க்கால் தெரு, ஆளில்லாத வீடுகள் நாற்பத்து மூன்று, வரி வரவில்லை. தன் வீட்டை எழுதித் தொலைத்துவிட்டால் மற்றவை எளிது என்று 44-இலிருந்து தொடங்கினாள். ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த மார்ச்சில் செத்தவர்கள் யாரும் வரி கட்டப்போவதில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கடைசிச் செய்தி வந்தது. கதவு எண் 2.

"யாராவது வெளிநாட்டுக்காரன் வந்து மொத்தமா கட்டியிருப்பான்" என்றான் குணசேகரன். "போய்ப் பாத்துட்டு வந்துடலாம்க்கா. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

தெருமுனையில் கதவு எண் 1, ரெங்கம்மாளின் வீடு. தெருவில் ஆளிருக்கும் ஒரே வீடு. ஐம்பத்தைந்து வயது, நாலு ஆடுகள், பெரிய குரல்.

"என்ன பிரகதி, கணக்கெடுக்க வந்தியா? ஆடு நாலு, ஆளு ஒண்ணு. எழுதிக்க."

"யாராவது வந்தாங்களாக்கா? கார் ஏதாவது?"

"இந்தத் தெருவுக்கா? நாய்கூட நடுத்தெருவோட திரும்பிடுது. காலையில தண்ணி வர்றப்பத்தான் இங்க ஆளே வரும்."

"யாரு?"

"யாருன்னா? எல்லாரும்தான்." ரெங்கம்மாள் ஆட்டின் வாயிலிருந்து பிளாஸ்டிக் பையைப் பிடுங்கினாள். "இவன் வால்வைத் தொறந்ததும் மொதல்ல காத்து வரும் பாரு, வீட்டுக்கு வீடு கொழாய் மூச்சு விடும். அப்புறம் இருமும். சிவக்கொழுந்து வீட்டுல ரெண்டு இருமல். ஒங்க வீட்டுலதான் ரொம்ப நேரம் இருமுது. பயந்துக்காத. எனக்குப் பொழுதுபோகுது."

குழாய்கள் எல்லா வீட்டுக்கும் போட்டிருந்தது உண்மை. நூறு சதவீத வீடுகளுக்கு இணைப்பு என்று காட்ட, பூட்டிய வீடுகளின் கொல்லையிலும் சுவர் ஏறிக் குதித்துப் போட்டார்கள்.

தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. ஒன்பது விளக்குகள். வெளிச்சத்தில் பூட்டுகள் தெரிந்தன. எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை. பிரகதீஸ்வரி கடைசி வீடுவரை போகாமல் திரும்பினாள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் ஒன்றிய அலுவலகம் போனாள். துணை பி.டி.ஓ. காதர் மைதீன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். முத்துப்பேட்டைக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. துரைக்கண்ணு காலத்திலிருந்தே வடகால்மங்கலம் அவர் பொறுப்பு.

"வாங்கம்மா. உங்க ஊரு நூறு. ஒன்றியமும் நூறு. டீ சாப்புடுங்க."

"யாரு சார் கட்டுனது?"

"யாரு கட்டுனா என்ன? கட்டியாச்சுல்ல."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாங்கதாம்மா. நானு, ஷமீரா, இன்னும் நாலு பேரு. பங்கு போட்டோம். ஒன்றியம் தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறுல நின்னுது. உங்க ஊரு ஒண்ணுதான் பாக்கி. அந்தப் புள்ளி நாலுக்காக நான் போய் எழுந்து நிக்கணுமா, இந்த வயசுல?"

கணினிக்குப் பின்னாலிருந்து ஷமீரா தலையை நீட்டினாள். "உங்க லிஸ்ட் இருந்ததால தப்பிச்சோம் மேடம். கதவு எண்ணோட வரிசையா குடுத்திருந்தீங்க. மேலேருந்து அப்படியே அடிச்சிட்டேன். இல்லன்னா தேடியே விடிஞ்சிருக்கும்."

"அது பற்றாக்குறை நிதி கேட்டுக் குடுத்த லிஸ்ட்."

"தெரியும்மா" என்றார் காதர் மைதீன். "அது ஏப்ரல் வேலை. இது மார்ச் வேலை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையாக மாறிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டாள். "இப்ப நிதி வருமா சார்?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வடகால்மங்கலம். கேட்பு, வசூல், நிலுவை. நிலுவைக்கு நேரே பூஜ்யம். "நூறு சதவீதம் வசூல் பண்ற ஊராட்சிக்கு என்ன பற்றாக்குறைன்னு மெஷினே கேக்குதும்மா. நான் என்ன செய்யட்டும்?"

"பதினஞ்சாம் தேதி மோட்டார் நிக்கும்."

"தெரியும்."

"ரசீத ரத்து பண்ண முடியாதா?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஷமீரா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"முடியும். வீட்டுல ஆளில்ல, கட்டுனது வேற ஆளுன்னு எழுதிக் குடுத்தா முடியும். வீடு வீடா எழுதணும். வரிதாரர் இருக்காரா இல்லையா, செத்திருந்தா என்னைக்கு, அதுக்கப்புறம் எத்தன வருஷம் ரசீது போட்டிருக்கு, யாரு போட்டது. உங்க ஒப்பம், என் ஒப்பம். அப்புறம் வீட்டப் படம் எடுத்து ஏத்தணும்." குரலைத் தாழ்த்தினார். "யாரு போட்டதுன்னு எழுதுற எடத்துல உங்க வீட்டுக்காரர் வருவாரும்மா. அவருக்கு வர வேண்டிய பணம் இன்னும் வரல இல்ல?"

வரவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும் கோப்பு அது. குந்தவையை வரும் ஜூனில் கல்லூரியில் சேர்ப்பது அந்தப் பணத்தை நம்பித்தான்.

"பொய் ரசீதுன்னு ஒரு வரி உள்ள போனா, தணிக்கைக்காரன் மொதல்ல அந்தக் கோப்பத்தான் கட்டிப் போடுவான். ஆறிப்போன டீ மாதிரி ஆயிடும். அப்புறம் உங்க வேலையும் இருக்கு. யோசிங்க."

யோசித்தாள். இரண்டு நாள் வேறெதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை நடுத்தெருக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களைப் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாளில் வரப்போவது தெரியாமல் குடத்தைக் கழுவி, கழுவிய தண்ணீரைத் தாராளமாகத் தெருவில் கொட்டினார்கள். அவள் அலுவலகம் போய்ப் பீரோவைத் திறந்து பழைய ரசீதுப் புத்தகங்களை இறக்கினாள்.

கட்டுக்கட்டாக அடிக்கட்டைகள். எல்லாம் துரைக்கண்ணுவின் கையெழுத்து. சாய்வில்லாத, அவசரமில்லாத எழுத்து. ஒவ்வொரு அடிக்கட்டையிலும் 'செலுத்திய விதம்' என்று ஒரு வரி. அதற்கு நேரே அவர் எழுதியிருந்தார்: நேரில்.

சிவக்கொழுந்து, இறந்தது ஐப்பசியில். மார்ச்சில் செலுத்தியிருக்கிறார். நேரில். நாலு வருடமாக. செல்லாயி, நேரில். துபாயில் மகன் வீட்டில் இறந்து அங்கேயே அடக்கமான அப்துல் கரீம், நேரில். திருப்பூரில் லாரி ஏறிச் செத்த முருகையன், அதே வருடம், நேரில்.

அவள் ஒரு கோடு போட்ட தாளில் எழுதத் தொடங்கினாள். பெயர். இறந்த தேதி. கடைசியாக வரி செலுத்திய தேதி. இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டாவது எப்போதும் பின்னால் வந்தது. பத்துப் பெயர் எழுதிய பிறகு, உட்கார முடியாமல் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். தாள்கள் படபடத்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று நினைத்தாள். விசிறி நின்ற பிறகு அறை இன்னும் நிறைந்திருப்பது போலிருந்தது. மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சை அவள் பார்க்கவில்லை. வரி கட்ட வருபவர்கள் உட்காரும் பெஞ்சு.

அவர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் வந்ததாக எழுதி, அவர்கள் பணத்தைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்து. வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, முடிஞ்சிடுச்சு என்று மட்டும் சொல்வார். என்ன முடிந்தது என்று அவள் கேட்டதில்லை. மார்ச் மாதத்தில் சம்பளம் தாமதமாகும் என்று அவரே சொல்லியிருந்தார். அதை அவள் எட்டு வருடம் நம்பினாள்.

கடைசிப் புத்தகம் 2022. மார்ச் முப்பத்தொன்று. அன்று மதியம் இந்த மேசையில் தலை வைத்தபடி கிடந்தார். குணசேகரன்தான் பார்த்தான். தூங்குகிறார் என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து எழுப்பினான்.

ரசீதுகள் வரிசையாக இருந்தன. முப்பத்தெட்டாவது ரசீதில் எழுத்துக் கோணியிருந்தது. தொகை எழுதியிருந்தது, 'நேரில்' இல்லை. அவள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புரட்டினாள்.

முப்பத்தொன்பதாவது ரசீது இருந்தது. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டும் இருந்தன. அதே தேதி. வேறு கையெழுத்து. சிறியது, இடப்பக்கம் சாய்ந்தது. நாலிலும் செலுத்திய விதம்: நேரில்.

அவர் போன பிறகு யாரோ இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவரை வண்டியில் ஏற்றியபோது இந்த மேசையைப் பூட்டியது யார், சாவியைக் கொடுத்தது யார் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அன்றைய நாளில் அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் செருப்பு ஒன்று காணாமல் போனது.

அன்றிரவு ஒன்றியத்திலிருந்து வந்த பழைய கடிதங்களை அந்த நாலு ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்; ஒன்றின் எழுத்து பொருந்தியது. மறுநாள் பட்டியலோடு ஒன்றியத்துக்குப் போனாள். காதர் மைதீன் ஒரு கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்தாள். தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்தைப் பார்த்தாள். சிறியது. இடப்பக்கம் சாய்ந்தது.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். ஷமீரா இருந்த பக்கம் பார்த்து, "நீ போய் சாப்புட்டு வாம்மா" என்றார். மணி பதினொன்றுதான். அவள் எழுந்து போனாள்.

"தகவல் கெடைச்சு வந்தேன். அதுக்குள்ள அவர வண்டியில ஏத்திட்டாங்க" என்றார் அவர். "புத்தகம் தொறந்து கெடந்துது. பேனாவுக்கு மூடிகூட போடல. கீழ பணம் பிரிச்சு வச்சிருந்தாரு, வீட்டுக்கு வீடு ரப்பர் போட்டு. நாலு வீடு பாக்கி."

"அதனால எழுதுனீங்களா?"

"ஆறு மணிக்குக் கணக்கு அனுப்பணும். அது ஒரு காரணம். பொய் சொல்லல." அவர் புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவினார். "இன்னொண்ணு, அந்த மனுசன் கடைசியா செஞ்ச வேலை. தொண்ணூறு சதவீதத்துல நின்னுடக் கூடாதுன்னு தோணிச்சு. நாற்காலி சூடா இருந்துதும்மா. வெயில்தான். ஓட்டு வழியா அடிக்கிற வெயில். ஆனா இன்னைக்கு வரைக்கும் நான் உங்க ஆபீசுல உக்கார மாட்டேன். நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போவேன். நீங்க கவனிச்சிருப்பீங்க."

கவனித்திருந்தாள். மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்திருந்தாள்.

பட்டியலைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினாள். மூன்று தாள்கள். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 2014 முதல் 2022 வரை: செலுத்தியவர் துரைக்கண்ணு, செயலர். 2022, நாலு வீடுகள்: ரசீது போட்டவர் காதர் மைதீன், துணை பி.டி.ஓ. 2023, 2024: பிரகதீஸ்வரி, செயலர். 2025: ஒன்றிய அலுவலகப் பணியாளர்கள் அறுவர்.

"என் பேரும் இருக்கு."

"இருக்கு சார்."

"அழுத்தமா எழுதியிருக்கீங்க."

"நேத்து ராத்திரி பூரா யோசிச்சு, உங்க பேர மட்டும் விட்டுட்டு ஒண்ணு எழுதுனேன் சார். நிக்கல. அந்த நாலு வீட்டுக்கு யாருமே ரசீது போடலன்னு வருது. அப்புறம் அவரே திரும்பி வந்து போட்டாருன்னு எழுதணும்."

காதர் மைதீன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க கோப்பு நின்னுடும்மா. பொண்ணு காலேஜு?"

"தஞ்சாவூர்ல ஒரு கடையில வேலை பாத்துக்கிட்டே தபால்ல படிக்கிறேன்னு சொல்றா. கோபமாத்தான் சொன்னா."

"எனக்கு மெமோ வரும். பென்ஷன்ல கை வைப்பான்." அவர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "வீட்டுல ஜன்னத் பீவி கேப்பா, யாரோ செத்தவன் வரிய நீ எதுக்குய்யா கட்டுனேன்னு. என்ன சொல்றது?"

அவர் பேனாவைத் திறந்தார். மூன்று தாள்களிலும் ஒப்பமிட்டார். மூன்றாவதில் தேதி எழுதும்போது கை நின்றது. நாள்காட்டியைப் பார்த்துச் சரியான தேதியை எழுதினார்.

படம் எடுக்க ஏப்ரல் பத்தாம் தேதி வந்தார்கள். காதர் மைதீன், ஷமீரா, இவர்கள் பின்னால் குணசேகரன். ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஷமீரா கைபேசியை உயர்த்தினாள். இடம், நேரம், அட்சரேகை எல்லாம் படத்தின் கீழே தானாக விழுந்தன. பிரகதீஸ்வரி பட்டியலிலிருந்து பெயரைப் படித்தாள். யாரும் இல்லை என்று காதர் மைதீன் சொன்னார். ஷமீரா அதைத் தட்டினாள். பத்து வீட்டுக்குப் பிறகு அது ஒரு சடங்கு போல ஆகிவிட்டது. பெயர். இல்லை. பெயர். இல்லை.

"என்னையும் சேத்து எழுதிட்டா வால்வ ஒரேயடியா அடைச்சிடலாமே" என்றாள் கூடவே வந்த ரெங்கம்மாள். "ஒரு ஆளுக்காக எதுக்குத் தெரு பூரா தண்ணி?"

"உன் வீட்டுக்குப் பக்கத்துலயே அடைப்பு வச்சிடறேன்க்கா" என்றான் குணசேகரன். "உனக்கு வரும். அங்கிட்டுப் போவாது."

"அப்ப காலையில சத்தம் வராதா?"

"வராது."

ரெங்கம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். அவ்வளவு சீக்கிரம் அவள் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

கடைசி வீடு. பதினொன்றரை மணி வெயில். உட்புறமும் ஒரு படம் வேண்டும் என்றது செயலி. மற்ற வீடுகளுக்குச் சாவி இல்லை என்று எழுதியாயிற்று. இதற்குச் சாவி இருந்தது.

பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே ஈர வாசனை. கொல்லைக் குழாய்க்கு வாஷர் போயிருந்தது. மூன்று வருடமாகத் தினமும் காலையில் சொட்டிய தண்ணீரில் கொல்லை முழுக்க வாழை முளைத்து, கன்றுக்குப் பக்கத்தில் கன்றாகச் சுவரைத் தாண்டி நின்றது. இரண்டு தார் பழுத்து, வௌவால் தின்று, தோல் கறுத்துத் தொங்கியது. ஊரில் ஜூன் வரை பச்சை இருக்காது. இந்த வீட்டில் இருந்தது.

"மின்கட்டணம் எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் காதர் மைதீன். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து ஷமீரா வாசலுக்கு எதிரே நின்றாள். கதவு திறந்திருந்தது. பிரகதீஸ்வரி நிலைப்படியில் நின்று பட்டியலைப் பார்த்துப் படித்தாள்.

"கதவு எண் நாற்பத்து நாலு. துரைக்கண்ணு."

இந்த முறை காதர் மைதீன் எதுவும் சொல்லவில்லை. ஷமீரா அவரைப் பார்த்தாள். குணசேகரன் தலையைக் குனிந்து பாக்கெட்டில் எதையோ தேடினான்.

"இல்லை" என்றாள் பிரகதீஸ்வரி.

ஷமீரா தட்டினாள். கைபேசியை உயர்த்தினாள். தயங்கினாள்.

"மேடம், கொஞ்சம் நகருங்க. நீங்க நின்னா ஆள் இருக்கிறதா ஆயிடும்."

படியிறங்கினாள். இடப்பக்கம் போனாள்.

"இன்னும் கொஞ்சம். நிழல் விழுது."

மேலும் இரண்டடி போனாள். நிழலும் கூடவே வந்தது, வாசலை விட்டு, படியை விட்டு, சுவரோரமாக. வேலிவரை போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் திறந்த கதவு மட்டும் தெரிந்தது.

"இப்ப சரியா?" என்று கேட்டாள்.